மரச் சுவரோடு பீரோவைப் பிணைக்கும்போது செய்யும் தவறுகள்

சுவரே மரம் என்றால் எங்கே வேண்டுமானாலும் ஸ்க்ரூவை இறக்கிவிடலாம் என்றுதான் தோன்றும். செங்கல் சுவரைவிட வேலை சுலபம் என்பதும் உண்மை. ஆனால் செங்கல் கட்டியபடியே நிற்கும், மரம் நிற்காது. ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நார்வே, ஃபின்லாந்து, கனடா போன்ற நாடுகளில் மரக்கட்டைகளைக் கிடையாக அடுக்கிக் கட்டும் வீடுகளில், முதல் சில ஆண்டுகளுக்குச் சுவர் முழுவதுமே மெல்லக் கீழே இறங்கும். பீரோ கவிழாமல் பிடிக்கவும் வேண்டும், சுவரின் அசைவுக்கு இடம் விடவும் வேண்டும்.

முதலில் அது முழு மரம்தானா என்று பாருங்கள். பீரோ மறைக்கப்போகிற இடத்தில் 2 மி.மீ. டிரில் பிட்டால் சோதனைத் துளை ஒன்று போடுங்கள். 50 மி.மீ. ஆழம் வரை மரத்தூள் சீராக வந்தால் முழு மரம். 12, 15 மி.மீ. போனதும் பிட் சட்டென்று உள்ளே விழுந்தால், அது சுவர்மேல் அடித்த வெறும் பலகை. பின்னால் இருக்கும் சட்டத்தைத் தேடிப் பிடித்துத்தான் ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்விட்சுக்கு நேர் மேலோ கீழோ துளையிடாதீர்கள். கட்டைச் சுவரில் ஒயர், பெரும்பாலும் கட்டைகளுக்குள் செங்குத்தாகத் துளைத்த வழியில்தான் போகும்.

பழக்கதோஷத்தில் ரால் பிளக், அதாவது ஸ்க்ரூவுக்கு முன்னால் துளையில் செருகும் பிளாஸ்டிக் குழல், அடிப்பவர்கள் நிறைய. செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் விரிந்து இறுகுவதற்காகச் செய்த பொருள் அது. மரத்தில் ஸ்க்ரூவின் புரியே நேராகக் கடித்துக்கொள்ளும். 8 மி.மீ. ஓட்டை போட்டுப் பிளக்கைச் செருகினால், புரி கடிக்க வேண்டிய மரத்தைத்தான் குடைந்து எறிகிறோம்.

அதற்காகத் துளையே இல்லாமல் ஸ்க்ரூவை ஓட்டுவதும் கூடாது. பலகை பிளக்கும், அல்லது பாதியில் தலை முறியும். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பைன் போன்ற மென்மரத்தில் 3 மி.மீ., தேக்கு, ஓக் போன்றவற்றில் 3.5 மி.மீ. துளை சரியாக இருக்கும். டிரில்லின் ஹாம்மர் மோடை அணைத்துவிடுங்கள். கட்டையின் முனையிலிருந்து குறைந்தது 50 மி.மீ. தள்ளிப் போடுங்கள். சுவருக்குள் 40 மி.மீ. இறங்கினால் பீரோவுக்குத் தாராளம், ஆனால் சுவர் அதைவிடத் தடிமனா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம், அது வளையாமல் பட்டென்று ஒடியும். தேக்கிலும் ஓக்கிலும் ஈரம் பட்டால் இரும்பைச் சுற்றிக் கறுப்புக் கறை படியும், அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். அது சற்று மெத்தென்ற உலோகம் என்பதால் புரியில் மெழுகு தடவி, கடைசிச் சுற்றுகளைக் கையால் முடுக்குங்கள்.

இரண்டு கட்டைகள் சேரும் இடுக்கிலும், கட்டையில் ஓடும் வெடிப்பிலும் ஸ்க்ரூ போட்டால் பிடிப்பே இருக்காது. கட்டையின் நடுவயிற்றில் போடுங்கள். கட்டையின் முகம் உருண்டையாக இருந்தால், பீரோவைச் சுவரோடு பிணைக்கும் எல் வடிவ உலோகப் பட்டையான எல் கிளாம்ப் ஒரே புள்ளியில் உட்கார்ந்து ஆடும். பின்னால் சீவிய மரத்துண்டு கொடுத்துச் சமப்படுத்துங்கள்.

இனி, அதிகம் பேர் கவனிக்காத தவறு. புதுக் கட்டை வீட்டில் உயரமான பீரோவை எல் கிளாம்ப் போட்டு அசையாதபடி இறுக்குகிறார்கள். பீரோ தரையில் நிற்கிறது, சுவரோ இறங்குகிறது. மீட்டருக்கு 20 மி.மீ. இறங்குகிற சுவர் என்றால், 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்க்ரூ 36 மி.மீ. கீழே வரும். கிளாம்ப் பீரோவின் தலையை அமுக்கும். முதலில் கதவு உரசும், பிறகு ஸ்க்ரூ பலகையைக் கிழித்துக்கொண்டு வரும். இதற்கு மேலிருந்து கீழாக நீளமாக வெட்டிய துளையுள்ள கிளாம்ப் வேண்டும். சுவர் ஸ்க்ரூவை அந்தத் துளையின் மேல் முனையில் போட்டால்தான் அது கீழே நகர வழி இருக்கும். நடுவில் போட்டால் பாதி வழி வீண். வாஷர் வைத்து முடுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். பீரோவின் தலைக்கும் கூரைக்கும் இடையிலும் இடைவெளி விடுங்கள், கூரையும் சுவரோடு சேர்ந்துதான் இறங்கும். சுவரில் தொங்கவிடும் அலமாரியை ஒரே கட்டையில் பிடித்தால் அது சுவரோடு சேர்ந்து இறங்கிவிடும், தொல்லை இல்லை. மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை என்று இரண்டிலும் இறுக்கினால்தான் சிக்கல்.

பல ஆண்டு பழைய கட்டை வீட்டில் இந்த இறக்கம் முடிந்திருக்கும். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்திய சுவர் இறங்காது, அகலவாக்கில் மட்டும் அசையும். 200 மி.மீ. பலகை 2 சதவீதம் சுருங்கினாலே 4 மி.மீ. ஆகிறது. கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்காக இரண்டு மூன்று பலகைகளின் குறுக்கே சட்டம் அடித்தால், ஒரு துளையை மட்டும் இறுக்கமாக வைத்து மற்றவற்றைக் கிடைவாக்கில் நீட்டிக்கொள்ளுங்கள்.

சுவர்ப் பக்கம் எல்லாம் சரியாக அமைந்தும் பீரோப் பக்கம் கைவிடுவது உண்டு. முதுகில் இருக்கும் 3 மி.மீ. பலகையில் ஸ்க்ரூ போட்டால் ஒரே இழுப்பில் பிய்ந்துவிடும். மேல் பலகையிலோ 18 மி.மீ. பக்கப் பலகையிலோ பிடியுங்கள். மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால் உள்ளே ஒரு மரச்சட்டத்தைப் பசை போட்டு ஒட்டி, அதில் ஸ்க்ரூவை இறக்குங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கிளாம்ப் போடுங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.

உயரம் குறைந்த டிராயர் அலமாரிதானே என்று விட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவில் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, 27 அங்குல உயரத்திலிருந்தே துணி அலமாரிகளுக்குக் கவிழ்வுச் சோதனை கேட்கிறது. அதில் 27 கிலோ வரை எடையுள்ள ஒரு குழந்தை ஏறித் தொங்கும் நிலையையும் பார்க்கிறார்கள். மேல் டிராயரை எட்டக் கீழ் டிராயர்களைத்தான் குழந்தை படியாக்கும். பிணைத்து முடித்ததும் எல்லா டிராயர்களையும் திறந்து, மேல் விளிம்பை உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். முன்னால் சாய்ந்தால் தவறு எங்கே என்று தேடுங்கள். புது வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்க்ரூ அந்த நீளத்துளையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். கீழ் முனையை நெருங்கிவிட்டால், கழற்றிப் புதுத் துளையிட்டு மறுபடி மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள்.