நெடுநாள் உள்நோயாளிகளின் சமூகச் செயல்பாட்டை அளவிடும் முறை

மனநல மருத்துவமனையிலோ மறுவாழ்வு இல்லத்திலோ ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்பவரை மதிப்பிடும்போது, நோய்க்குறியையும் செயல்பாட்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்பவரே தம் துணியைத் துவைத்து, காயவைத்து, மடித்து வைக்கவும் கூடும். குரல்கள் அடங்கிய ஒருவர் நாள் முழுதும் கட்டிலை விட்டு எழாமல் இருக்கவும் கூடும்.

இத்தகையோருக்கென்றே ரோஜர் பேக்கரும் ஜான் ஹாலும் உருவாக்கிய ‘ரீஹாப்’ அளவுகோல் 1983இல் வெளிவந்தது. அதன் 23 கூறுகளில் 7 இடையூறான நடத்தையையும், மற்ற 16 பேச்சு, பழக்கவழக்கம், தற்பராமரிப்பு, பணத்தைக் கையாளுதல் போன்றவற்றையும் பற்றியவை. அதில் மதிப்பெண் கூடினால் செயல்பாடு மோசம் என்று பொருள். தனிப்பட்ட, சமூகச் செயல்பாட்டை 100 வரை மதிப்பிடும் பி.எஸ்.பி. என்ற மற்றோர் அளவுகோலிலோ கூடினால் நல்லது. இரண்டையும் ஒரே பதிவேட்டில் எழுதுவோர் இதைக் குறித்து வைக்காவிட்டால் குழப்பம் நிச்சயம்.

ரீஹாப் கேட்பது கடந்த ஒரு வாரத்து நடத்தையை. ஆகவே பத்து நிமிடம் பார்த்துச் செல்லும் மருத்துவரைவிட, சாப்பாட்டு நேரத்திலும் மாலையிலும் உடனிருக்கும் செவிலியரும் பணியாளருமே அதை நிரப்பத் தக்கவர்கள். இருவர் தனித்தனியே நிரப்பட்டும். மதிப்பெண்கள் பெரிதும் வேறுபட்டால் சராசரி எடுப்பதை விட்டு, எந்த நிகழ்வை வைத்து அந்த எண்ணை இட்டார்கள் என்று கேட்க வேண்டும். “சாப்டாச்சுங்களா?” என்பதற்கு “ஆச்சுங்க” என்று நிறுத்திக்கொள்பவரும், “ஆச்சுங்க, நீங்க?” என்று திருப்பிக் கேட்பவரும் ஒரே மதிப்பெண் பெறக் கூடாது.

பெரும்பாலான மதிப்பீடுகள் சறுக்குவது, நோயாளியால் இயலாததையும் வார்டு அவருக்கு இடம் தராததையும் ஒன்றாக எண்ணுவதில்தான். எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுக்கும் இடத்தில் டீ போடத் தெரிந்தவர் யாரென்று தெரியாது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டியவருக்கு வார்டில் எந்த வேலையும் தராமல் ‘வேலைத்திறன் இல்லை’ என்று எழுதுவது அநியாயம். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜான் விங்கும் ஜார்ஜ் பிரவுனும் மூன்று மனநல மருத்துவமனைகளில் நடத்தி 1970இல் வெளியிட்ட ஆய்விலும், நோயாளி வெறுமனே இருக்கும் நேரம் குறைந்ததே முன்னேற்றத்தோடு நெருக்கமாகத் தொடர்புற்றிருந்தது.

எனவே வாய்ப்பைத் தந்து பார்த்த பிறகே எண்ணிடுங்கள். ஐம்பது ரூபாய்த் தாளுடன் டீக்கடைக்கு அழைத்துச் சென்று, அவரே கேட்டு வாங்குகிறாரா, மீதியை எண்ணுகிறாரா என்று சற்றுத் தள்ளி நின்று கவனிக்கலாம். பெண்களுக்கு 2021 முதல் தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை என்பதால், பேருந்துப் பயணம் அவர்களது பணக் கையாளுகைக்குச் சோதனை ஆகாது. அதற்கு முன்பே சேர்ந்தவருக்கு அந்த ஏற்பாடே தெரியாமல் இருக்கலாம். சோதிக்க இயலாத கூறுக்கு எதிரே ‘வாய்ப்பில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

ஊனச் சான்றிதழுக்குரிய ‘ஐடியாஸ்’ மதிப்பீட்டை முன்னேற்றம் காண்பதற்குப் பயன்படுத்த வேண்டாம். சான்றுக்கு 40 சதவீதம் என்ற வரம்பு இருப்பதாலும், நோயின் கால அளவுக்கும் அதில் மதிப்பெண் சேர்வதாலும், சிறு மாற்றங்கள் அதில் தெளிவாகத் தெரியா.

வீட்டுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தால் அதே மதிப்பீட்டாளர்களைக் கொண்டு மறுபடி அளந்து, அந்த வீட்டுக்கு என்ன தேவை என்பதையும் கேட்டறியுங்கள். காங்கயம் பக்கத் தோட்டத்துச் சாளைக்குத் திரும்புபவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தொலைவிலுள்ள கடைக்குத் தனியே போய்வர வேண்டியிருக்கும்; திருப்பூரில் லைன் வீட்டுக்குத் திரும்புபவரோ பொதுக் குழாயடியில் அக்கம்பக்கத்தாரோடு ஒத்துப்போக வேண்டியிருக்கும். வார்டில் இருவரும் ஒரே மொத்த மதிப்பெண் பெற்றிருந்தாலும், அனுப்புமுன் தரவேண்டிய பயிற்சி வேறுவேறு.