காட்டோரம் ஒரு தியானக் குடில்: முதலில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் கட்டலாம்

காட்டுக்குள் குடில் என்று கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் காப்புக்காட்டுக்குள் நீங்களும் நானும் ஒரு கல்கூட நட முடியாது. இங்கே நான் சொல்வதெல்லாம் காட்டை ஒட்டிய பட்டா நிலத்துக்கு, அதாவது கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கிடைக்கிற அரை ஏக்கர், கால் ஏக்கர் மாதிரி இடங்களுக்கு. அங்கேயும் அந்த ஊர் ஹாக்கா (HACA, மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ள மலைக்கிராமமா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் கட்டட அனுமதிக்கு அது தனி வழி. மரம் வெட்டுவதும் அப்படித்தான். உங்கள் நிலத்து மரமாகவே இருந்தாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு மரத்தையும் தொடாமல் எங்கே கட்டலாம் என்று தேடினாலே பாதி டிசைன் முடிந்துவிடும்.

சரி, இடம். ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். விடியற்காலை, உச்சிவெயில், பொழுது சாய்கிற நேரம், கட்டாயமாக ஒரு மழைநாள். நான் முதலில் ஓடைக்கரையில்தான் குறி வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, தண்ணீர் போடுகிற இரைச்சலில் வேறொன்றும் காதில் விழவில்லை, காலில் மூன்று அட்டை, பக்கத்திலேயே காட்டுமாட்டுச் சாணம். அவை தண்ணீர் குடிக்க இறங்குகிற தடத்தில்தான் நான் குடில் போட இருந்திருக்கிறேன்! அப்புறம் மேட்டில் நூறடி ஏறி வேறு இடம் பிடித்தேன், ஓடை அங்கே முணுமுணுப்பாகக் கேட்கிறது, அது போதும்.

அளவு 10க்கு 12 அடி தாராளம். பெரிதாகக் கட்டினால் கட்டில் வரும், பீரோ வரும். ஜன்னலில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கண்மட்டம் சுமார் இரண்டரை அடி. கொத்தனார் பழக்கத்தில் ஜன்னலை மூன்றடியில் தொடங்குவார், நின்றால் மலை தெரியும், உட்கார்ந்தால் சுவர்தான் தெரியும். தரையிலிருந்து ஒன்றேகால் அடியில் தொடங்கச் சொன்னபோது எங்கள் மேஸ்திரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவரையே தரையில் உட்கார வைத்தேன். "அட, மரத்தோட வேர்ல இருந்து தெரியுதே" என்று சொல்லிவிட்டு நூல் கட்டப் போய்விட்டார்.

சுவருக்கு மண்ணே போதும், ஆனால் மேல்மண் வேண்டாம், அதைத் தனியாகக் குவித்து வைத்துப் பிறகு செடிக்குப் போடுங்கள். ஓரடிக்குக் கீழே எடுத்த மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும், வண்டல் அதன்மேல், களிமண் அடங்க ஒரு நாள் ஆகும். அழுத்திய மண்கல்லுக்கு மணல் பாதியும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் பிரமாதம், மிச்சம் வண்டலும் சரளையும். அதில் 5 சதவீதம் சிமென்ட் கலந்து மெஷினில் அழுத்தி, சாக்குப் போட்டு மூடி நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூளை கிடையாது, விறகு கிடையாது. ஆரோவில்லில் இந்தக் கல்லில் எத்தனையோ கட்டடங்கள் நிற்கின்றன, ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மெஷினை மேலே ஏற்ற வழியில்லை என்றால் கேரளத்தில் சிக்கனமாக வீடு கட்டிக் காட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கல்லைக் குத்தவைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது, செங்கல் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சமாகும், உள்ளே சூடும் குறைவு. எதில் கட்டினாலும் கருங்கல் பேஸ்மட்டம் ஒன்றரை அடி இருக்கட்டும், மரச்சட்டம் எதுவும் மண்ணைத் தொடக்கூடாது. கரையான் விடாது.

கூரையில் நான் ஏமாந்தேன். செலவு குறைவு என்று தகரம் போட்டேன். முதல் மழையில் மூச்சைக் கவனிப்பதாவது, என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அடுத்த வருடம் சீமை ஓட்டுக்கு மாறினேன், உடனே குரங்குகள் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தன. இப்போது ஓட்டை ரீப்பரோடு கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறது. தகரம்தான் கட்டுப்படியாகும் என்றால் அடியில் மூங்கில் பாயைச் சீலிங்காக அடியுங்கள், இரைச்சல் ஓரளவு அடங்கும். எந்தக் கூரையானாலும் மூன்றடி வெளியே நீட்டிவிடுங்கள், மண்சுவருக்குச் சாரல்தான் எமன்.

அப்படி நீட்டினால் கூரை 16க்கு 18 அடி வரும். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 260 லிட்டர் தண்ணீர் விழும், சிந்தியது போக 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 லிட்டர் தொட்டி தாராளமாக நிரம்பும், முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். கரன்ட் இழுக்கவே வேண்டாம். ஐந்து வாட் எல்.இ.டி. இரண்டு, 40 வாட் சோலார் பேனல் ஒன்று, ஒரு சின்ன பேட்டரி. பேனலை மர நிழலில் வைத்தால் பிரயோசனமில்லை, அதற்காக மரத்தை வெட்டவும் வேண்டாம், இருபதடி தள்ளி வெட்டவெளியில் கம்பம் நட்டு மாட்டுங்கள். விளக்கு மஞ்சளாக, கீழ்நோக்கி இருக்கட்டும்.

கழிப்பறை தள்ளி இருக்கட்டும், ஓடைக்கு எதிர்ப்பக்கம். தண்ணீர் ஊற்றாத ஈகோசான் முறைதான் இங்கே சரிப்படும், முசிறியில் பொதுக் கழிப்பறையாகவே நடத்திக் காட்டிய முறை அது. சிறுநீர் தனியே போகும், மலத்தின்மேல் ஒரு கை சாம்பல், ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததுக்கு மாற வேண்டும். மூடியதை ஒரு வருடம் கழித்துத் திறந்தால் மண்வாசனைதான் வரும்.

சமையலறை மட்டும் வைக்காதீர்கள். அரிசியும் உப்பும் இருக்கிற வீட்டுச் சுவரை யானை சும்மா விடாது, அதேபோல நிழலுக்கு என்று வாழையும் பலாவும் நட்டு நீங்களே அதற்கு விருந்து வைக்கவும் வேண்டாம். பசித்தால் ஊருக்குள் இறங்கிவிடுங்கள். எங்கள் டீக்கடைக்கு இருபது நிமிட நடை, பணியாரம் எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.