“கூட்டிட்டுப் போயிட்டாங்க”: கைதானவரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. “விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்மா” என்று சொல்லிப் பையனை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். விடியும்வரை அந்தக் குடும்பம் என்ன செய்கிறது? அப்பா கட்சிக்காரர் ஒருவருக்குப் போன் போடுகிறார். மாமா, போலீஸில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரரைப் பிடிக்கிறார். காலேஜ் படிக்கும் தங்கை கைப்பேசியில் ‘அரெஸ்ட் ரெக்கார்டு’ என்று தேடுகிறாள். வந்து விழுவதெல்லாம் அமெரிக்கத் தளங்கள்.

அமெரிக்காவின் பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஷெரிப் என்ற காவல் தலைவரின் அலுவலகமே சிறையில் இருப்பவர்களின் பட்டியலைப் படத்தோடு இணையத்தில் போடுகிறது. அதை எடுத்து வைத்துக் காசு பார்க்கும் தனியார் தளங்களும் அங்கே நிறைய. நம் ஊரில் அப்படிப் பெயரை அடித்ததும் “இவர் இன்று கைது” என்று சொல்லும் பொதுப்பட்டியல் கிடையாது. இருப்பதாகச் சொல்லி ஏதாவது தளம் பணம் கேட்டால் மூடிவிடுங்கள். அரசுத் தளத்தின் முகவரி பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் இன்’ (gov.in) என்று முடியும்.

பொதுப்பட்டியல் இல்லையே தவிர, பதிவு உண்டு. ஒரு கைது காவல் நிலையம், நீதிமன்றம், சிறை என்று மூன்று இடங்களில் தடம் விட்டுச் செல்கிறது. ஆளைக் கூட்டிச் சென்று எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை வைத்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவு செய்ய வேண்டும். தேடுகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்டேஷனில் கேட்க வேண்டிய நேரத்தில் இணையத்தைத் துழாவுவார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் சில மணி நேரத்தில் ஸ்டேஷனைத் தவிர வேறு எங்கும் பதிவு இருக்காது. அங்கே போகும் பலர் செய்கிற தவறு, “எங்க பையன் இங்க இருக்கானா?” என்று வாசலில் நிற்கும் காவலரிடம் கேட்டு, “இல்ல” என்றதும் திரும்பிவிடுவது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதன் 37-ஆம் பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏ.எஸ்.ஐ. (உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே) பதவிக்குக் குறையாத ஒரு அதிகாரி இதற்கென்றே நியமிக்கப்பட வேண்டும் என்கிறது. கைதானவரின் பெயர், முகவரி, எந்த வகைக் குற்றம் என்ற விவரங்களை வைத்திருப்பது அவர் வேலை. அந்த விவரம் ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி, டிஜிட்டல் வழியாகவும்கூட, வைக்கப்பட வேண்டும். இது முழுக்கப் புதிதாக வந்த சலுகையும் இல்லை. கைதானவர்களின் பெயர், முகவரியை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே பலகையில் போட வேண்டும் என்று பழைய சட்டத்தின் 41-சி பிரிவிலேயே இருந்ததுதான்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “கைதானவர்கள் விவரத்தை வைத்திருக்கும் அதிகாரி யார்? அந்தப் பலகை எங்கே?” பலகை காலியாக இருக்கலாம், பழைய பெயர்களோடு தூசி படிந்தும் இருக்கலாம். அப்படியானால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கைதைப் பற்றி உறவினர் ஒருவருக்கும், மாவட்டத்தில் இதற்கென உள்ள அதிகாரிக்கும் தகவல் தர வேண்டும் என்று புதிய சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொல்வதால், அங்கே கேட்பதற்கு உங்களுக்குச் சட்டத்தின் பிடிமானம் இருக்கிறது. இன்னொன்று: கூட்டிப் போனது உங்கள் ஏரியா ஸ்டேஷன்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மத்தியக் குற்றப் பிரிவு, சைபர் கிரைம், மதுவிலக்கு, அனைத்து மகளிர் காவல் நிலையம், ஏன் பக்கத்து மாவட்டத்துத் தனிப்படையாகக்கூட இருக்கலாம். கைது செய்கிற அதிகாரி தன் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவர் ஒரு பெயரையும் ஒரு வண்டி எண்ணையும் மனதில் வாங்கிக்கொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்றால், கேட்டதற்கு ஒரு தடயம் உண்டாக்குங்கள். முன்பெல்லாம் வக்கீல்கள் முதலில் சொல்வது “தந்தி கொடுங்க” என்பதுதான். இத்தனை மணிக்கு இன்னாரைக் கூட்டிப் போனார்கள் என்று எஸ்.பி.க்கும் நடுவருக்கும் (மாஜிஸ்திரேட்) போகும் அந்தத் தந்தி பின்னாளில் ஆதாரமாக நிற்கும். 2013-இல் தந்திச் சேவை நின்றுபோனது. ஆனால் அந்த யோசனை நிற்கவில்லை. நேரம் பதிவாகும் மின்னஞ்சலும், ஒப்புகையோடு அனுப்பும் விரைவுத் தபாலும் (ஸ்பீடு போஸ்ட்) அதே வேலையைச் செய்யும். நான்கு பேரைச் சிபாரிசுக்குப் பிடிக்கிற வீட்டில் இந்த ஒரு மின்னஞ்சலை அனுப்ப ஆள் இருப்பதில்லை என்பதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். இதையும் கைதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதுபோல் பரவலான தவறு வேறில்லை. எஃப்.ஐ.ஆர் என்பது ஒரு குற்றம் நடந்ததாக வந்த தகவலின் பதிவு. அதில் பெயர் இருப்பவர் கைதாகாமலே இருக்கலாம். ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று மட்டும் எழுதிய எஃப்.ஐ.ஆரில் மூன்று மாதம் கழித்து ஒருவர் கைதாகலாம். புகார் கொடுத்ததும் தருகிற சி.எஸ்.ஆர் ரசீது எஃப்.ஐ.ஆரே இல்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவில் “நேரில் ஆஜராகவும்” என்று வரும் நோட்டீஸும் கைது இல்லை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இந்த நோட்டீஸ் நிறையப் பேருக்கு வருகிறது. வந்ததும் ஊரே “அவன் அரெஸ்ட் ஆயிட்டான்” என்று பேசும்.

எஃப்.ஐ.ஆரை இணையத்தில் பார்க்கலாம். 2016-இல் இந்திய இளைஞர் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைப்புக் கிடைக்காத பகுதிகளுக்கு 48, மிஞ்சிப்போனால் 72 மணி நேரம். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எஃப்.ஐ.ஆர் எண் கொடுத்துத் தேட வேண்டும். ‘குற்ற எண்’ என்று ஸ்டேஷன் ரைட்டர் (எழுத்தர்) சொல்வதும் இதுவேதான். வெறும் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் பயனில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜனவரியில் ஒன்றிலிருந்து எண் தொடங்கும். 112/2025 என்பது ஒரே மாவட்டத்தில் பல ஸ்டேஷன்களில் இருக்கும்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் வழக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றை ஏற்ற வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ ஸ்டேஷனில் விண்ணப்பித்தால் 24 மணி நேரத்திலும், நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் இரண்டு வேலை நாளிலும் நகல் கிடைக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. “ஆன்லைன்ல வரல சார்” என்ற பதிலோடு திரும்பி வராமல், எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இருபத்து நான்கு மணி நேரம் கடந்துவிட்டதா? இனி ஸ்டேஷன் வாசலில் நிற்பது வீண். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு. ஞாயிறோ பொங்கலோ, இந்தக் கணக்கு நிற்காது. விடுமுறை நாளில் நடுவரின் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். அந்த ஸ்டேஷன் எந்த நடுவர் நீதிமன்றச் சரகம் என்று கேட்டு அங்கே போங்கள். ரிமாண்ட் (காவலில் வைக்க நடுவரின் உத்தரவு) ஆகியிருந்தால் எந்தச் சிறைக்கு அனுப்பினார்கள் என்பது ரிமாண்ட் வாரண்டில் எழுதியிருக்கும்.

இது தெரியாமல் நேராக மத்தியச் சிறைக்கு பஸ் ஏறிப்போய், கேட்டில் நின்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் உள்ளூர்க் கிளைச் சிறையில் இருப்பார். பெண் என்றால் பெண்களுக்கான சிறை. 18 முதல் 21 வயதுவரை உள்ள இளைஞர் பார்ஸ்டல் பள்ளியில் இருக்கலாம். பதினெட்டுக்குக் குறைந்தவர் என்றால் தேட வேண்டியது சிறையிலே அல்ல, இளைஞர் நீதிக் குழுமத்திலும் கூர்நோக்கு இல்லத்திலும். சிறை உறுதியான பிறகு அடையாள அட்டையோடு போய் மனுப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்று இடத்திலும் பெயர் இல்லாமல் போவதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஸ்டேஷன் ஜாமீனிலேயே விட்டிருப்பார்கள். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டத்தில் ஒருவரை அடைத்திருந்தால், அந்தத் தடுப்புக்காவலுக்கு எஃப்.ஐ.ஆர் எண் கிடையாது. ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ போட்ட உத்தரவு எண்ணைத்தான் கேட்க வேண்டும். இரண்டும் இல்லை, ஆளும் இல்லை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு. காசில்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டு முப்பது நாள் காத்திருப்பதும் தவறுதான். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 7(1) சொல்கிறது. மனுவின் தலைப்பிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்து, கைதுச் செய்தி தானாக உங்களைத் தேடி வருவது. “உங்க மகன் கஞ்சா கேஸ்ல மாட்டியிருக்கான், ஐம்பதாயிரம் அனுப்புங்க, எஃப்.ஐ.ஆர் போடாம விட்டுடறோம்” என்று வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரியும். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று இந்தியச் சட்டம் எதிலும் கிடையாது. போனை வைத்துவிட்டு முதலில் மகனை அழையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இனி, தன் வீட்டு ஆளுக்காக இல்லாமல், மாப்பிள்ளை விசாரிக்கவும் வாடகைக்கு வருகிறவரைப் பற்றி அறியவும் தேடுகிறவர்கள். நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடி, வந்த முதல் வழக்கைப் பார்த்து “ஐயையோ” என்று சம்பந்தத்தை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகன், செல்வம், குமார் என்ற பெயர்களில் ஒரு தாலுகாவிலேயே எத்தனை பேர்! முன்னெழுத்து ஒரு பதிவில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் போகும். ‘ழ’ வருகிற பெயரை ஒவ்வொரு எழுத்தரும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். போலீஸ் ஆவணத்தில் பெயருக்கு நடுவே வரும் ‘(எ)’ என்பது ‘என்கிற’ என்பதன் சுருக்கம் என்று தெரியாமல், ஒருவரையே இரண்டு பேராக எண்ணிக்கொண்டவர்களும் உண்டு. அப்பா பெயர், வயது, முகவரி மூன்றும் ஒத்துப்போகாமல் ஒரு வழக்கை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். வேலைக்கோ வாடகைக்கோ என்றால் காவல்துறையே நடத்தும் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது, அதில் விண்ணப்பியுங்கள்.

கிடைத்த எஃப்.ஐ.ஆரைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 72-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவனின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. பெரியவர்தானே என்றாலும், கைதானவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. “கைது செய்து சிறையில் அடைத்தனர்” என்று படத்தோடு வந்த செய்திக்கு, நான்கு வருடம் கழித்து விடுதலையானபோது ஒரு வரிகூட வராது.

அதனால் ஒருவரின் பழைய வழக்கைப் பார்க்க நேர்ந்தால் எஃப்.ஐ.ஆரோடு நிறுத்தாதீர்கள். இ-கோர்ட்ஸில் காவல் நிலையமும் எஃப்.ஐ.ஆர் எண்ணும் ஆண்டும் கொடுத்தால், வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கும் பட்சத்தில், அது எங்கே நிற்கிறது என்று காட்டும். வழக்குக்கென்று பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தனி அடையாளம் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டால் அடுத்தமுறை நேராகப் போகலாம். ‘முடிவுற்றது’ என்று வந்தால் அதற்குத் தண்டனை என்று பொருளில்லை. எப்படி முடிந்தது என்று அதன் கீழே இன்னொரு வரி இருக்கும். அதையும் படித்து, தீர்ப்பு ஏற்றப்பட்டிருந்தால் அதைத் திறந்து கடைசிப் பத்தியையும் படியுங்கள்.