மென்பொருளில் அதே தவறு ஏன் திரும்ப வருகிறது?

ராமநாதபுரம் கரையில் மீனவர்களுக்கு வானிலை எச்சரிக்கை அனுப்ப ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு படகுக்கு ஒரு கரை என்று, விவரம் நிரப்ப ஒரே கட்டம் வைப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசினால் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் பருவம் பார்த்துக் கரை மாறுவார்கள்.

இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர், எந்தத் தேதியில் எந்தக் கரை என்று தனிப் பட்டியல் வைக்கிறார். சரியான வேலை. ஏன் வைத்தார் என்று மட்டும் எழுதவில்லை. அவர் வேலை மாறிப் போனதும், அடுத்து வருபவருக்கு அந்தப் பட்டியல் வீண் சிக்கலாகத் தெரிகிறது. சுத்தம் செய்வதாக நினைத்து மறுபடி ஒரே கட்டமாக்குகிறார். வாடை தொடங்கியதும் தப்பான கடலுக்கான எச்சரிக்கை போகிறது. இது உயிர் விஷயம்.

திறமைக் குறைவால் தவறு திரும்புவதாக நான் நினைக்கவில்லை. நிரலில், அதாவது மென்பொருளாக எழுதிய வரிகளில், முடிவு மட்டும் தங்குகிறது. காரணம் ஆளோடு போய்விடுகிறது.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. ஏரியன் 4-இன் மென்பொருளை அதில் மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். கிடைமட்ட வேகம் சார்ந்த 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கும் இடத்தில், எண் கொள்ளாமல் போனால் சமாளிக்கும் பாதுகாப்பு இல்லை. பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வராது, புதியதில் வந்தது; கணினி நின்றுபோனது. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் நின்றுபோனது. பாதுகாப்பை ஏன் விட்டோம் என்ற விளக்கம் நிரலுக்குள் இல்லை என்று விசாரணைக் குழு எழுதியது.

ஆகவே பெரிய முடிவு ஒவ்வொன்றுக்கும் நிரலின் பக்கத்திலேயே நாலு வரி எழுதுங்கள்: என்ன முடிவு, ஏன், எதை ஒதுக்கினோம், எது மாறினால் இது செல்லாது. கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். யாருடைய மின்னஞ்சலிலோ கிடந்தால் பயனில்லை.

பழைய நிரல் அசிங்கமாக இருக்கிறது என்று முழுவதையும் புதிதாக எழுத உட்காராதீர்கள். அந்த வரிகளில் பல, யாரோ பட்டுத் தெரிந்து எழுதியவை.

அப்புறம், தேவைகளை ஒரே பருவத்தில் கேட்டு முடிக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் நிதானமாகப் பேசுவார்கள். தடை முடிந்து ஐஸும் டீசலும் ஏற்றும் அவசரத்தில் அவர்கள் செயலியை எப்படித் தொடுகிறார்கள் என்பதையும் போய்ப் பாருங்கள்.