இரண்டு இரவுக் கப்பல் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறேன். காசி, கயா, நவக்கிரகம் என்று கோயில் பயணங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்ற சுற்றுலாக் கப்பல் ஓட ஆரம்பித்ததிலிருந்து, "அக்கா, அந்தக் கப்பல்ல ரெண்டு நாள் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் அறுபதாம் கல்யாணம் முடித்த அப்பா அம்மாவை அழைத்துப்போக ஆசைப்படும் பிள்ளைகள். கூட்டிப் போனவர்களிடம் பார்த்ததையும், நானே அதில் போய் வந்து தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. விளம்பரத்தில் "2 இரவு, 3 நாள்" என்று போட்டிருக்கும். முதல் நாள் கப்பல் கிளம்பவே சாயங்காலம் ஆகிவிடும். மூன்றாம் நாள் காலைப் பலகாரம் முடிந்த கையோடு இறங்கச் சொல்லிவிடுவார்கள். முழுசாகக் கையில் கிடைப்பது நடுவிலே ஒரே ஒரு நாள்தான். இது தெரிந்து போகிறவர்கள் சந்தோஷமாகத் திரும்பி வருகிறார்கள். தெரியாமல் போகிறவர்கள், "இப்பத்தான் ஏறுன மாதிரி இருக்கு, அதுக்குள்ள இறங்கச் சொல்றாங்களே" என்கிறார்கள். முதல் நாள் சாயங்காலத்தை அறையில் படுத்துக் கழிக்காமல் இருந்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இரண்டு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் கப்பல் எந்த ஊரிலும் நிற்காது. நடுக்கடலுக்குப் போய்ச் சுற்றிவிட்டு அதே சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பும். அவர்கள் இதை 'ஹை சீஸ்' பயணம் என்பார்கள். விசாகப்பட்டினம், இலங்கை என்று போவதெல்லாம் கூடுதல் நாள் பயணங்கள். ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கப்பல் வருஷம் முழுக்கச் சென்னையில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மும்பைப் பக்கத்தை விட்டுவிட்டு நம் பக்கம் வரும். அந்தச் சமயத்தில் நம் கரை ஓரளவு அமைதியாக இருக்கும் என்பதுதான் காரணம்.

யூடியூபில் பார்த்த இருபது மாடிக் கப்பலை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எம்ப்ரஸ் 1990இல் பிரான்சில் கட்டியது. நீளம் சுமார் 210 மீட்டர், 11 தளங்கள். 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் பயணம் போவதற்கென்றே வடிவமைத்த கப்பல் அது. ஆக, குறுகிய பயணம் இதற்குப் புதிதல்ல. அறைகள் சின்னவை, அவ்வளவுதான். தூங்கவும் குளிக்கவும்தானே அறைக்குப் போகப்போகிறோம், ஜன்னல் இல்லாத உள்அறையே இளவட்டங்களுக்குப் போதும். பெரியவர்களுக்குக் கடல் தெரியும் அறையாகப் போடுங்கள். விடிந்ததா இல்லையா என்று தெரியாத அறையில் அவர்களுக்கு நிம்மதியாக இருக்காது. நான்கு பேர் அறை என்றால் இரண்டு படுக்கை மேலே, ஏணி வைத்து ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்களை அதில் போட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

கட்டணத்தைப் பார்த்ததும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து வரும் கடைசித் தொகையைக் கேளுங்கள். சாப்பாடு அதில் அடக்கம். மதுவும் சில தனி உணவகங்களும் அடக்கமில்லை. பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையையும், 24 வாரம் கடந்த கர்ப்பிணியையும் ஏற்ற மாட்டார்கள். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு கவுன்ட்டரில் நின்று கண்கலங்கிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் அன்று காலையிலேயே சென்னையில் இருங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களை முந்தைய இரவே உழவன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவேன். பகல் ரயிலை நம்பினால், அது ஒரு மணி நேரம் தாமதமானாலும் கப்பல் நமக்காக நிற்காது. ஆதாரோ பாஸ்போர்ட்டோ, அசல் கையில் இருக்க வேண்டும். இலங்கை போகும் பயணத்துக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரத்துக்குத் துறைமுகத்துக்குப் போங்கள். பாரிமுனைப் பக்கம் வண்டி ஊர்ந்துதான் போகும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பெட்டியைக் கீழேயே வாங்கிக்கொண்டு அறை எண் அட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். அது அறைக்கு வந்து சேர இரவு சாப்பாட்டு நேரம்கூட ஆகலாம். அதனால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி, பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், கத்தி, மது எதையும் விட மாட்டார்கள். சாப்பாடும் அப்படியே. பஸ் பயணத்துக்குக் கட்டுகிற மாதிரி புளியோதரையும் முறுக்கும் கட்டி எடுத்துப் போகாதீர்கள், ஸ்கேனரில் எடுத்து வைத்துவிடுவார்கள். மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் தடை இல்லை, கேட்டால் எடுத்துக் காட்டினால் சரி.

ஏறியதும் எல்லோருக்கும் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதுதான் அறைச் சாவி, அடையாளம், பணம் எல்லாமே. உள்ளே ரொக்கம் ஓடாது, வாங்குவதெல்லாம் அட்டைக் கணக்கில் ஏறும். பிள்ளைகளின் அட்டையில் செலவு ஏற வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் நாளே வரவேற்பறையில் சொல்லி வையுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு ஒத்திகை. ஏழு சின்ன ஒலி, ஒரு நீண்ட ஒலி, அதுதான் ஆபத்துக்கால அழைப்பு. எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்க்காப்பு அங்கியை எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவார்கள். பஃபேயில் வரிசை நின்றுகொண்டு இதைத் தவிர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று சாயங்காலம் ஏறிய பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறம்தான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தியே தீர வேண்டும் என்று உலக விதியை மாற்றினார்கள். முட்டி வலிக்கிற பாட்டிக்கும் அவர் போக வேண்டிய படிக்கட்டு எது என்று அன்றே நடத்திக் காட்டிவிடுங்கள். ஆபத்தில் லிஃப்டைப் பயன்படுத்த முடியாது.

கப்பல் கிளம்பும் நேரத்தில் எக்காரணம் கொண்டும் அறைக்குள் இருக்காதீர்கள். மேல்தளத்துக்குப் போங்கள். இழுவைப் படகுகள் கப்பலை மெல்லத் திருப்பும், அலைதடுப்புச் சுவர் பின்னால் போகும். நாம் கிழக்கே போவதால் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும், மெரினா கலங்கரை விளக்கம் வரை கரை முழுவதும் ஒரே கோடாகத் தெரியும். எல்லோரும் இந்தப் பக்கம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது, விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பாருங்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு சின்னப் படகு கப்பலை ஒட்டி அதே வேகத்தில் வரும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கும். கயிற்றேணி தொங்கும். துறைமுகத்திலிருந்து வழிகாட்டி வந்த பைலட் அதில் இறங்குவார். கடைசிப் படியில் நின்று, படகு அலையில் மேலே எழும்பும் கணத்துக்காகக் காத்திருந்து, சட்டென்று காலை எடுத்துப் படகில் வைப்பார். படகிலிருப்பவர் அவர் முதுகில் கை கொடுத்துப் பிடிப்பார். அவ்வளவுதான், படகு வளைந்து கரைக்குத் திரும்பிவிடும். எந்த மேடை நிகழ்ச்சியையும்விட எனக்குப் பிடித்தது இதுதான்.

வாந்தி வருமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. கப்பலின் அடிப்பக்கத்தில் ஆட்டத்தைக் குறைக்க மீன் துடுப்பு மாதிரி தகடுகள் உண்டு. இருந்தாலும் லேசாக ஆடும். பஸ்ஸில் தலைசுற்றுகிறவர்கள் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. பஸ்ஸுக்குப் போடுகிற அவோமின் மாத்திரையே இதற்கும் உதவும். தொந்தரவு தொடங்கும் முன்பே போட வேண்டும், தூக்கம் வரும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். தலை சுற்றினால் அறைக்குள் படுத்துப் போன் பார்ப்பது மோசம். வெளியே வந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள்.

கரை மறைந்ததும் சிக்னல் போய்விடும். அதற்குள் வீட்டுக்குப் பேசிவிட்டு போனை விமான முறையில் போட்டுவிடுங்கள். கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறும். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர், தாண்டியதும் காசினோவை, அதாவது சூதாட்டக் கூடத்தை, திறப்பார்கள். பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. எவ்வளவுக்கு மேல் போக மாட்டோம் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போவது நல்லது.

இனி அந்த முழுநாள். விடியும் முன் எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, சூரியன் தண்ணீரிலிருந்து நேராக எழும்பி வருவதைப் பார்க்கலாம். நீச்சல் குளம் சின்னது, பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள், அதற்கு முன்பே ஒரு முக்குப் போட்டுவிடுங்கள். காலையில் இட்லி, பொங்கல் கிடைக்கும். சைவம் தனியாக இருக்கிறது, ஜைன உணவும் உண்டு. சாப்பாட்டுக் கூடம் திறந்த முதல் கால் மணி நேரத்தில்தான் நெரிசல், கொஞ்சம் பொறுத்துப் போனால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். மேல்தளத்தில் காற்று பலமாக வீசும். புடவை கட்டுகிறவர்கள் நிறைய பின் குத்திக்கொள்ளுங்கள், ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு போடுங்கள். அரங்குகளில் ஏசி குளிரும், ஒரு சால்வை வேண்டும். நிகழ்ச்சிப் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் ஓடாமல் இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மதியம் ஒரு மணி நேரமாவது நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சும்மா கடலைப் பார்த்து உட்காருங்கள். கோயில் கோயிலாக ஓடியே பழகிய எங்கள் பயணிகளுக்கு முதலில் இது கைவராது, ஆனால் பலரும் திரும்பி வந்து முதலில் சொல்வது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்.

அன்று இரவே பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் துணியையும் மாத்திரையையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு கட்டுங்கள். அட்டைக் கணக்கையும் அப்போதே வாங்கி வரி வரியாகப் பாருங்கள், காலையில் வரவேற்பறையில் வரிசை நீளும். இறங்கும்போது தளம் தளமாகத்தான் கூப்பிடுவார்கள், பெட்டியைத் தேடி எடுக்கவும் நேரம் பிடிக்கும். அதனால் ஊருக்குத் திரும்பக் காலை ரயில் வேண்டாம், சாயங்காலமோ இரவோ கிளம்பும் ரயிலுக்கு டிக்கெட் போடுங்கள். இறங்கிய பிறகும் அன்று முழுக்கச் சிலருக்குத் தரை ஆடுவது போலவே இருக்கும். பயப்பட வேண்டாம், தூங்கி எழுந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.