ஒரே ஊர், இரண்டு விமான நிலையம்: ஆசிய நகரங்களுக்குத் தனியாகப் பறப்பவர்கள் செய்யும் தவறுகள்

பாங்காக்கில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். டாக்சியின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கைக்கடிகாரத்தையும், மேப்பில் நகராமல் நின்ற நீலப் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்து இறங்கியது சுவர்ணபூமி விமான நிலையத்தில். ஹோ சி மின் நகரத்துக்கு அடுத்த விமானம் டான் முவாங் விமான நிலையத்திலிருந்து. இரண்டு டிக்கெட்டிலும் பெரிய எழுத்தில் ‘பாங்காக்’ என்று இருந்ததைத்தான் பார்த்தேனே தவிர, அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. நடுவில் நாலரை மணி நேரம் இருக்கிறதே, இறங்கி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்ற தெம்பு. குடியேற்றப் பிரிவு வரிசையிலேயே ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. மாற வேண்டியது டெர்மினல் இல்லை, விமான நிலையமே என்று தெரிந்து டாக்சி பிடித்தபோது மணி ஐந்தேகால். செக்-இன் ஆறு இருபதுக்கு மூடிவிடும். ஓட்டுநரிடம் டிக்கெட்டைக் காட்டினேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பதில் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு கோலாலம்பூர், சிங்கப்பூர், சோல், டோக்கியோ, ஷாங்காய் என்று தனியாகவே சுற்றியிருக்கிறேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். விமானத்தில் ஏறி பெல்ட் போட்ட பிறகு நாம் தவறு செய்ய அதிக இடமில்லை. கோட்டை விடுவதெல்லாம் தரையில்தான். டிக்கெட்டில் போட்டிருக்கும் ‘2 மணி 10 நிமிடம்’ என்பது விமானம் ஒரு கேட்டிலிருந்து நகர்ந்து இன்னொரு கேட்டில் நிற்கும் வரையான நேரம் மட்டும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் ஓடுகிறார்கள்.

முதலில் இந்த விமான நிலைய விவகாரத்தை முடித்துவிடுவோம். பாங்காக்கில் சுவர்ணபூமி 2006-இல் திறந்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. பழைய டான் முவாங் வடக்கே. மலிவுக் கட்டண விமானங்கள் பல இன்னும் அங்கிருந்துதான் போகின்றன. இரண்டுக்கும் நடுவே இலவசப் பேருந்து உண்டு, அடுத்த டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பேருந்தும் அதே நெரிசலில்தான் நிற்கும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளாதீர்கள் என்பேன்.

டோக்கியோவில் ஹனேடா நகரத்தை ஒட்டி இருக்கிறது. நரிட்டா சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. நரிட்டாவுக்கு டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் மலிவு என்று மகிழ்ந்து போடுகிறோம். இரவு பதினொன்றரைக்கு இறங்கினால் கடைசி ரயில் போயிருக்கும், டாக்சிக் கட்டணம் இருபதாயிரம் யென்னைத் தாண்டும். பகலில் இறங்கினால் கவலை இல்லை, ஸ்கைலைனர் ரயில் டோக்கியோ நகரத்தின் நிப்போரி நிலையத்துக்கு 36 நிமிடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். ஆக, நரிட்டா மோசம் இல்லை, நள்ளிரவில் நரிட்டாதான் மோசம். சோலில் இன்ச்சான், கிம்போ என்று இரண்டு. ஷாங்காயில் புதோங் கிழக்குக் கோடி, ஹோங்சியாவ் மேற்குக் கோடி. 2024 டிசம்பரில் இரண்டையும் இணைத்து விரைவு ரயில் விட்ட பிறகு அங்கே நிலைமை பரவாயில்லை, சுமார் நாற்பது நிமிடம்.

கோலாலம்பூருக்குப் பெரும்பாலான வெளிநாட்டு விமானங்கள் வருவது ஒரே விமான நிலையத்துக்குத்தான், டெர்மினல்தான் வேறு. முன்பு கேஎல்ஐஏ 2 என்று சொன்ன இடத்தை இப்போது டெர்மினல் 2 என்கிறார்கள். நடந்து போகிற தூரம் இல்லை. தவறாகப் போய் இறங்கினாலும் பதறாதீர்கள், ரயிலில் மூன்றே நிமிடம், இரண்டு ரிங்கிட். டிக்கெட் போடும்போதே விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் டெர்மினல் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இதில் பாதி தவறு நடக்காது.

அப்புறம் தேதி. நம் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகும் விமானங்களில் பல நள்ளிரவைச் சுற்றித்தான் கிளம்புகின்றன. பதினான்காம் தேதி 00:25 என்று இருந்தால், பதின்மூன்றாம் தேதி இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். என் நண்பர் ஒருவர் பதினான்காம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் கணக்கில் விடிந்தால்தான் அடுத்த நாள், பஞ்சாங்கமும் அப்படித்தான் சொல்கிறது. விமானக் கம்பெனிக்குப் பன்னிரண்டு அடித்தாலே மறுநாள். ஹோட்டல் போடும்போதும் இதே குழப்பம் வரும். அதிகாலை ஐந்துக்கு இறங்குகிறவருக்கு அன்றைய அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். ஒன்று, முந்தைய இரவுக்கும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்புங்கள். நான் இரண்டாவது கட்சி.

எல்லாவற்றிலும் அதிகப் பணத்தைக் கரைக்கும் தவறு, தனித்தனி டிக்கெட்டை ஒரே பயணம் என்று நம்புவது. சென்னை–சிங்கப்பூர் ஒரு கம்பெனியில், சிங்கப்பூர்–டோக்கியோ வேறு கம்பெனியில் போட்டால் கூட்டிக் கழித்துச் சில ஆயிரம் மிச்சமாகும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியும் தானாகப் போய்ச் சேராது. குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வந்து எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வெளியே வர வேண்டும் என்றால் விசா வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா பொதுவாகத் தேவை. இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். சென்னையிலேயே கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்துவருவதால் கோலாலம்பூர் வழியாக இப்படி ஒட்டுப் போட்டுப் போவது கொஞ்சம் சுலபம். எப்படிப் போட்டாலும், தனித்தனி டிக்கெட்டுக்கு நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். அன்றைக்கு வேறு விமானமே இல்லாத ஊர் என்றால் ஒரு இரவு தங்கிவிடுவதே மேல்.

விசா தேவையில்லை என்றால் வேலை முடிந்தது என்று இப்போது இருக்க முடியாது. மலேசியாவுக்கு 2024 முதல் டிஜிட்டல் வருகை அட்டை, தாய்லாந்துக்கு 2025 மே முதல் அதே மாதிரி ஒன்று, சிங்கப்பூருக்கும் உண்டு. மூன்றையுமே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். மாதக் கணக்கில் முன்னதாகத் திட்டம் போடுகிறவர்கள்தான் இதை மறக்கிறார்கள்! ஹாங்காங்குக்குப் போகும் முன்பே இந்தியர்கள் இணையத்தில் வருகைப் பதிவு ஒன்று செய்ய வேண்டும், 2017-இலிருந்து நடைமுறை. இவை எல்லாமே இலவசம். தேடினால் முதலில் வந்து விழுவது அரசு முத்திரை மாதிரியே ஒன்றை வைத்துக்கொண்டு டாலரில் கட்டணம் கேட்கும் தளம். பணம் கேட்டாலே மூடிவிட்டு, அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது: பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக ரேஷன் கார்டு வரை கூடவே வந்தது, பாஸ்போர்ட்டில் மட்டும் காணோம். டிக்கெட் போடும் பக்கமோ ‘கடைசிப் பெயர்’ இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு நகரவே நகராது. அவசரத்தில் அப்பா பெயரைத் தட்டிவிடுவோம். கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டு பேர் மாதிரி தெரியும். சில கம்பெனிகள் இருக்கும் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன, சில வேறு குறியீடு போடச் சொல்கின்றன. அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. துபாய் வழியாகப் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள். அடிக்கடி வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால், பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயரைப் பிரித்துப் போட்டுக்கொள்வது நிம்மதி.

பெட்டியைப் பற்றி. மலிவுக் கட்டண விமானங்களில் கையில் எடுத்துப் போகும் எடை பெரும்பாலும் ஏழு கிலோ. காலிப் பெட்டியே இரண்டரை கிலோ இருக்கும் என்பதை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. ஊறுகாய், நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் திரவக் கணக்கு, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது. இட்லிப் பொடிக்குப் பிரச்சினை இல்லை. கொப்பரைத் தேங்காய் தீப்பற்றும் பொருள் என்பதால் கூடாது. சிங்கப்பூருக்குக் கசகசா கொண்டுபோகவே கூடாது. அபின் செடியின் விதை என்பதால் அங்கே அது போதைப்பொருள் துறையின் பார்வையில் வரும் சரக்கு. குருமாவுக்கு அரைக்க எடுத்துவந்தேன் என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இன்னொரு சின்ன விஷயம்: பெரும்பாலான கேட்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான். குடியேற்றம் தாண்டிய பிறகு காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் பாட்டிலையும் அங்கே குப்பையில் போடச் சொல்வார்கள். காலி பாட்டிலோடு உள்ளே போய் அங்கிருக்கும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

பவர் பேங்க் விஷயத்தில் விதிகள் வேகமாக மாறிவிட்டன. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசான் விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற விமானம் ஒன்று தீப்பிடித்தது, எல்லோரும் தப்பித்தார்கள். சந்தேகம் பவர் பேங்க் மீது விழுந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து அந்த நாட்டு விமானங்களில் அதைத் தலைக்கு மேலே இருக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது என்றார்கள். ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே தடை போட்டது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் ஜூன் 28 முதல், அந்நாட்டின் ‘3சி’ என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாதவை ஏற முடியாது. பொதுவான வரம்பு 100 வாட் மணி. 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் மணி, அதனால் அது தாராளமாகப் போகும். ஆனால் அந்த எண்ணை அவர்கள் படிக்க முடிய வேண்டும். என்னுடையதைச் சோதனை அதிகாரி கையில் எடுத்து, திருப்பி, டார்ச் அடித்து, விரல் நகத்தால் தேய்த்துப் பார்த்தார். மூன்று வருடம் பையில் உரசி உரசி எழுத்தே போயிருந்தது. ஒன்றும் பேசாமல் பக்கத்திலிருந்த தொட்டியைக் காட்டினார். தொட்டியில் ஏற்கெனவே ஒரு இருபது முப்பது கிடந்தன. செக்-இன் பெட்டிக்குள் போட்டு அனுப்புவது எந்த நாட்டிலும் நடக்காது.

தனியாகப் போகிறவருக்குப் பெரிய ஆபத்து, எல்லாவற்றையும் ஒரே ஃபோனில் வைத்திருப்பது. போர்டிங் பாஸ், ஹோட்டல் முகவரி, பணம், மேப் எல்லாம் அதில். பக்கத்தில் கடன் வாங்க இன்னொரு ஃபோன் கிடையாது. இந்திய வங்கி அட்டைக்கு வரும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதை, வெளிநாட்டு சிம்மைப் போட்டுவிட்டு நம் சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்த பிறகுதான் உணர்வோம். இ-சிம் வாங்கிக்கொண்டு, நம் எண்ணை ரோமிங்கில் குறுஞ்செய்திக்காக மட்டும் உயிரோடு வையுங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய்த் திறக்கவும் ஓடிபிதான் கேட்கும். கடையில் மெஷின் ‘ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்டால் உள்ளூர்ப் பணம்தான். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள். வியட்நாமில் 20,000 டாங்கும் 5,00,000 டாங்கும் இரண்டுமே நீல நோட்டு. மங்கலான டாக்சிக்குள் பூஜ்யத்தை எண்ணிக் கொடுங்கள்.

ஷாங்காயில் கூகுள் வேலை செய்யாது என்று தெரிந்தேதான் போனேன். ஃபோனே அணைந்துவிடும் என்று தெரியவில்லை. புதோங்கில் இறங்கும்போது மூன்று சதவீதம், டாக்சி வரிசையில் நின்றபோது பூஜ்யம். பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தேன், ஹோட்டலின் பெயரும் தெருவும் சீன எழுத்திலேயே அச்சடித்தது. ஓட்டுநர் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். தலையாட்டினார். காகிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீட்டரைப் போட்டார்.