பிரிட்டனில் வேலைக்கு வந்திருக்கிறீர்களா? பாகுபாடு பற்றி முதல் மாதமே தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே இனப் பாகுபாடு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. சவுத்போர்ட் என்ற ஊரில் சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு, 2024 ஆகஸ்டில் பல ஊர்களில் கலவரம் வெடித்து, ராதரமில் புகலிடம் கேட்டு வந்தவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தீ வைக்கப் பார்த்தார்கள். ஆனால் வேலைக்கு வந்த உங்களுக்கு அன்றாடம் எதிர்ப்படப்போவது இந்த ரகம் இல்லை. சிரித்துப் பேசுவார்கள், டீ போட்டுக் கொடுப்பார்கள், எல்லாவற்றுக்கும் 'லவ்லி' என்பார்கள், புரமோஷன் மட்டும் பக்கத்து மேசைக்குப் போகும். கேட்டால் "டீமோடு இன்னும் கொஞ்சம் ஒட்டவேண்டும்" என்று பதில் வரும். நேர்காணல் வரை வந்தவர்களில் வெள்ளையருக்கே வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் சொந்த அறிக்கைகளே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதனால் 'என் இங்கிலீஷ்தான் சரியில்லையோ' என்று உடனே உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

சட்டம் வலுவாகத்தான் இருக்கிறது. 2010-இன் ஈக்வாலிட்டி ஆக்ட் (சமத்துவச் சட்டம்) இனம், மதம், பாலினம், வயது, மாற்றுத்திறன், கர்ப்பம் என்று 9 விஷயங்களில் பாகுபாட்டைத் தடுக்கிறது (வட அயர்லாந்தில் சட்டம் வேறு). நிறமும் நாட்டுரிமையும் இனத்துக்குள்ளேயே அடங்கும். இதற்கு இத்தனை மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது, இன்டர்வியூவில் நடந்ததற்கே வழக்குப் போடலாம்.

ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்கள் வாயே திறப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், ஸ்பான்சர்ஷிப் போனால் வேறு ஸ்பான்சரைத் தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ ஹோம் ஆபீஸ் (உள்துறை) பொதுவாக 60 நாள்தான் தருகிறது. ஆனால் பாகுபாடு என்று புகார் சொன்னதற்காக ஒருவரைப் பழிவாங்குவதும் அதே சட்டத்தில் தனியாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது, மூலப் புகார் தோற்றாலும் நீங்கள் உண்மையென நம்பிச் சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு உண்டு.

அப்புறம், எழுதிவையுங்கள். இந்த ஊரில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. யார், எப்போது, என்ன வார்த்தை சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் அல்ல, சொந்த நோட்டில். மேனேஜர் வாயால் சொன்னதை மறுநாள் "நேற்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று பணிவாக மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் மெயில்களையும் குறிப்புகளையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். யூனியனில் இப்போதே சேருங்கள். பிரச்சினை வந்தபின் சேர்ந்தால் பழைய விவகாரத்துக்கு உதவ மாட்டோம் என்று பல யூனியன்கள் சொல்லிவிடும்.

நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடுவது கெடுவில். சம்பவம் நடந்து 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதுதான் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு, அதற்குள் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் சமரசப் பேச்சுக்குப் பதிவுசெய்துவிட வேண்டும். "எங்கள் உள்விசாரணை முடியட்டும், பொறுங்கள்" என்று எச்ஆர் இனிமையாகச் சொல்லும். உள்விசாரணை நடப்பதால் கெடு நிற்காது. ஏகாஸும் இலவசம், சமரசம் ஆகாவிட்டால் வழக்குப் போகும் ட்ரைப்யூனலுக்கும் (வேலைத் தகராறு தீர்ப்பாயம்) கட்டணம் இல்லை. 2013-இல் கட்டணம் கொண்டுவந்தார்கள், யூனிசன் என்ற யூனியன் வழக்காடி 2017-இல் சுப்ரீம் கோர்ட்டில் அதை உடைத்தது.

சட்டத்தில் இல்லாத ஒன்று வர்க்கம். எந்தப் பள்ளி, எந்த உச்சரிப்பு என்பதை வைத்து வெள்ளையர்களே ஒருவரையொருவர் எடைபோடுவதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

நாம் மட்டும் யோக்கியமா? "ஊரில் எந்தப் பக்கம்?" என்று லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் நம்மவர்கள் கேட்பதன் உள்ளர்த்தம் உங்களுக்கே தெரியும். சாதியைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி 2013-இல் நாடாளுமன்றம் விதித்தது, 2018-இல் அரசு கைவிட்டது. ஆனாலும் மில்டன் கீன்ஸில் இந்தியக் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்த ஓர் ஆதிவாசிப் பெண்ணுக்கு 2015-இல் ட்ரைப்யூனல் 1,83,773 பவுண்ட் சம்பள பாக்கி தரச் சொன்னது, இனத்தின் பேரில் துன்புறுத்தல் நடந்ததையும் ஏற்றது. ஆகவே முதலாளி தமிழராகவே இருந்தாலும் ஏகாஸின் எண் அதேதான்: 0300 123 1100.